லயம் இருந்த மண்ணில் வீடு எழும் முன் ஒரு குழியாவது தோண்டிப் பார்க்க வேண்டாமா?

#1 பிறைக்கரையான்

வணக்கம். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியான தென் செபராங் பிறையில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் போன வாரம் அளவைக்காரர்கள் வந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. வீடமைப்புத் திட்டம் வருகிறதாம். தோட்டத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குச்சிகள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் மூன்றாவது லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இருந்தது. நான் படிவம் ஒன்றில் இருந்தபோது எல்லாரையும் வெளியேற்றினார்கள். பலகையைப் பிரித்து விற்றார்கள், தகரத்தை லோரியில் ஏற்றினார்கள், அடுத்த வருடமே செம்பனைக் கன்று நட்டார்கள். மேலே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கீழே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால், காட்டாமணக்கு வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு குப்பைக்குழி இருந்தது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு உடைந்தது, கண்ணாடி வளையல், காய்ச்சல் மருந்து போத்தல், பால் சுமந்து பொத்தல் விழுந்த காண்டாவாளி, அடிபிடித்த பானை, எல்லாம் அதற்குள்தான் போகும். ஒரு குழி நிறைந்தால் மண் தள்ளி மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று வெட்டுவார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

தாத்தா கப்பலில் வந்து இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் எழுதிய ஒரு வரி எங்களிடம் இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. அவர் பெயர் இருந்த செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகமும் ஆபீஸ் கைமாறியபோது காணாமல் போய்விட்டது. ஆக, அவர் இங்கே ஐம்பது வருடம் வாழ்ந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் குழிதான்.

நான் கேட்பது இதுதான். வீடு கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுவதற்கு முன்னால் முறையாகத் தோண்டிப் பார்க்க வழி இருக்கிறதா? நம் நாட்டில் யாராவது ஒரு லயத்தை அப்படித் தோண்டியிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தீவுப்பிள்ளை

அண்ணே, படித்ததும் கம்போங் புவா பாலாதான் நினைவுக்கு வந்தது. குளுகோரில் நம் மக்கள் மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த கம்பம், அதாவது சிற்றூர். 2009-இல் இடித்தார்கள். வழக்கு, மறியல், அரசியல், இழப்பீட்டு வீடு என்று எத்தனையோ பேசினோம். இடித்த பிறகு, அடுக்குமாடி எழுவதற்கு முன்னால், அந்த மண்ணை ஒரு வாரம் தோண்டிப் பார்க்கலாம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காக அழுதோமே தவிர மண்ணைப் பற்றி நினைக்கவில்லை.

அங்கே பால் வாங்கப் போன சிறுவயது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழுவத்தில் தரை கல் பாவியிருக்கும், நடுவில் கோமியம் ஓட ஒரு சின்ன வாய்க்கால். அந்தக் கற்களை யார் பாவினார்கள், எந்த வருடம், அதற்குக் கீழே அதைவிடப் பழைய தரை இருந்ததா? தோண்டியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது.

நல்ல உதாரணமும் பினாங்குத் தீவிலேயே இருக்கிறது. பழைய பிராங்கின் சந்தை இருந்த சியா போய்க்குப் போயிருக்கிறீர்களா? ஹொக்கியன் மொழியில் சியா போய் என்றால் 'ஊர்க்கோடி' என்று பொருள். ஜார்ஜ்டவுன் முடிகிற இடம் அதுதான், அதற்கப்பால் கால்வாய். 2015-இல் அங்கே வேலை நடந்தபோது 19-ஆம் நூற்றாண்டுக் கால்வாயின் கற்சுவர்கள் வெளிப்பட்டன. மூடிவிடவில்லை. அகழாய்வு செய்து, கால்வாயைச் சுத்தப்படுத்தி, 2019-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் போனால் பிள்ளைகள் கல்விளிம்பில் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆக, மனசு இருந்தால் செய்ய முடிகிறது.

ஆனால் அது யூனெஸ்கோ பட்டியலில் 2008-லிருந்து இருக்கும் நகரம். உலகமே பார்க்கிற இடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் லயத்தை யார் பார்க்கிறார்கள்?

#3 கட்டுமானன்

நான் இருபது வருடமாகக் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை வேலை செய்கிறவன். எங்கள் பக்கத்திலிருந்தும் பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மண்ணைச் சமன் செய்கிற வேலைதான் முதல் வேலை. மண்வாரி இயந்திரம் நாள் வாடகைக்கு வருகிறது, லோரிகள் வரிசையில் நிற்கின்றன, வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நாள்கணக்கில் அபராதம் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து எதாவது வந்தால் தளத்தில் இருப்பவன் மனத்தில் எழும் முதல் எண்ணம் 'மூடு' என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பல வருடங்களுக்கு முன், தீவில் ஒரு தளத்தில் இதே மாதிரி நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்றரை ஆள் ஆழத்தில் சுட்ட செங்கல் அடுக்கிய வட்டக் கிணறு ஒன்று வந்தது. செங்கல் இன்றைய அளவு இல்லை. மெல்லிசு, அகலம் அதிகம், ஓரங்களில் விரல் தடம். யாரோ ஒருவன் ஈரச் செங்கல்லைத் தூக்கிக் காயவைத்தபோது பதிந்த தடம். நான் என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. மேலிருந்து போன் வந்தது. மதியத்துக்குள் மண் கொட்டி மூடினோம். ஒரு படம்கூட எடுக்கவில்லை. அது எவ்வளவு பழசு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை, ஏனென்றால் அதன்மேல் இப்போது கார் நிறுத்துமிடம் இருக்கிறது.

என் கருத்து: இயந்திரம் தளத்துக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அதற்கு முன்னால், திட்டம் தாளில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அப்போது கேட்டால் மேம்பாட்டாளருக்கும் பெரிய நட்டம் இல்லை. இரண்டு மாதத்தை அட்டவணையில் சேர்த்துக்கொள்வார். வேலை நடுவில் நிற்பதுதான் அவர்களைக் கொல்கிறது.

#4 செம்பனைநிழல்

எல்லாரும் மண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அதே மாதிரி ஒரு தோட்டத்தில் இன்னும் லயத்தில் இருக்கிறவள். மழை வந்தால் சமையலறையில் மூன்று வாளி வைக்கிறோம். எங்களுக்கு வீடு தருகிறோம் என்று சொல்லி எத்தனை பொதுத்தேர்தல் ஆகிவிட்டது. இப்போது தோண்டுகிறோம், ஆய்வு செய்கிறோம் என்று இன்னும் ஒரு வருடம் தள்ளினால் என் மாமியார் புது வீட்டைப் பார்க்காமலே போய்விடுவார். அதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

#5 பிறைக்கரையான்

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் காத்திருந்தார்.

உங்கள் வீட்டை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கட்டுமானன் சொன்னதுதான் வழி என்று நினைக்கிறேன், தாளில் இருக்கும்போதே கேட்பது. இந்தத் திட்டங்களெல்லாம் மண்வாரி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே கோப்புகளில் தூங்குகின்றன. அந்தத் தூங்கும் காலத்தில் தோண்டலாம். யாருடைய வீடும் தாமதமாகாது.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் லயத்தை விட்டுப் போகும் நாளுக்கு முன் உங்கள் மாமியாரை உட்காரவைத்து, எங்கே கிணறு இருந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எங்கே, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாய் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிவிடுங்கள். தோண்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

#6 கடாரத்துக்காரி

மன்னிக்கவும், நேற்றுதான் இந்த இழையைப் பார்த்தேன். நான் மாணவியாக இருந்தபோது கெடாவில் சுங்கை பத்துவில் சில மாதம் உதவி வேலை செய்திருக்கிறேன். பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே நீண்ட காலமாகத் தோண்டி வருகிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், காற்று ஊதும் களிமண் குழாய்கள், செங்கல் கட்டடங்கள், படகுத்துறை எல்லாம் செம்பனைத் தோட்டத்துக்குக் கீழிருந்துதான் வந்தன. அதனால் செம்பனை நட்டுவிட்டார்களே, எல்லாம் போய்விட்டதே என்று பிறைக்கரை அண்ணன் நினைக்க வேண்டாம். வேர் மேல்மண்ணைக் கலக்கும், உண்மைதான். ஆழமான குழிகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

தோண்டுவது என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது, புதையல் எடுப்பது என்று நினைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கயிறு கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் பிரிப்பார்கள். கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தரம் நிறுத்துவார்கள். எடுத்த மண் முழுவதையும் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். சல்லடைக்கு மேல் நிற்பது எந்தச் சதுரம், எந்த ஆழம் என்று பையில் எழுதி வைப்பார்கள். பொருளைவிட அது கிடந்த இடம்தான் முக்கியம். ஒரு மங்குத் துண்டு தனியாகக் கையில் இருந்தால் அது வெறும் ஓடு. அதே துண்டு ஒரு சதுரக் காசோடு ஒரே அடுக்கில் கிடந்தால் காலம் சொல்லிவிடும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு காசு 1919-இலிருந்துதான் சதுரமாக வந்தது, உங்கள் தாத்தா பாட்டியிடம் அந்தச் சதுரக் காசு இருந்திருக்கும். அது கிடந்த அடுக்கு அந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாள் காலை, மழை பெய்து ஓய்ந்த பிறகு, மஞ்சள் மண்ணைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த வட்டம் தெரிந்தது. கல்லும் இல்லை, ஓடும் இல்லை, மண்தான், ஆனால் நிறம் வேறு. மேற்பார்வையாளர் வந்து குனிந்து பார்த்துவிட்டு 'தூண்குழி' என்றார். எப்போதோ ஒருவர் மரத்தூண் நட்டிருக்கிறார். மரம் மக்கிப்போய்விட்டது, அது மக்கிய கறுப்பு மட்டும் மண்ணில் நிற்கிறது. ஒரு எட்டு தள்ளி இன்னொன்று இருக்கும் என்றார். வழித்தேன், இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஒரு குடிசையின் சுவர் தரையில் புள்ளிப் புள்ளியாக எழுந்து வந்துவிட்டது. தொட்டால் கலைந்துவிடும் கறுப்பு. இயந்திரத்தின் ஒரு வீச்சுக்கு அது தாங்காது, அது இருந்தது என்றே ஓட்டுநருக்குத் தெரியாது.

உங்கள் லயமும் மரத்தூணில்தான் நின்றிருக்கும். அந்தக் கறுத்த வட்டங்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.

#7 கடாரத்துக்காரி

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. அதே பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி 11 என்று எண்ணிட்ட ஆலயத்தின் எச்சம் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. 2013-இல் அதை ஒரு வீடமைப்புத் திட்டத்துக்காக மண்வாரியால் தள்ளிவிட்டார்கள். நாடே பேசியது, அப்போது பினாங்கின் துணை முதலமைச்சராக இருந்த பி. இராமசாமி அவர்களும் நேரில் போய்ப் பார்த்தார். அந்த இடம் அரசிதழில் பதிவாகவில்லை என்பதுதான் அப்போது வந்த பதில். ஆய்வாளர்கள் எண் போட்டு எழுதி வைத்த கோயிலுக்கே அந்தக் கதி. எண்ணே போடாத உங்கள் குப்பைக்குழியை எண்ணிப் பாருங்கள். அதனால் சொல்கிறேன், முதலில் ஒரு கடிதம் போய் ஒரு கோப்பில் ஏற வேண்டும்.

#8 காழகன்

எல்லாருடைய உணர்வையும் மதிக்கிறேன். ஆனால் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். அகழாய்வுக்குப் பணமும் ஆளும் குறைவு. இருக்கிற கொஞ்சத்தை நூறு வருடக் குப்பைக்குச் செலவழிப்பதா? பட்டினப்பாலை 'காழகத்து ஆக்கமும்' என்று பாடிய மண் பக்கத்தில் இருக்கிறது. இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்து வந்த கடாரம், இன்றைய கெடா, இருக்கிறது. வட செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லில் புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் 5-ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருக்கிறது. அந்தக் கல் இப்போது கல்கத்தாவில் கிடக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. கீழடி மாதிரி ஒன்று இங்கேயும் வெளிவந்தால் நம் பிள்ளைகள் தலைநிமிர்வார்கள். லயத்துக் குப்பையை எடுத்துக் காட்டினால், நாம் கூலியாக வந்தவர்கள் என்றுதானே மறுபடி சொல்வார்கள்?

#9 பிறைக்கரையான்

காழகன் ஐயா, கடாரத்தைப் பற்றி நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கடைசி வாக்கியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

நாம் கூலியாகத்தான் வந்தோம். என் தாத்தா வந்தார். தென் செபராங் பிறையிலும் பத்து காவானிலும் ரப்பருக்கு முன்னால் கரும்பு இருந்தது, அந்தக் கரும்பை வெட்டியதும் ஆலையில் காய்ச்சியதும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள். 1910-இல்தான் அந்த ஒப்பந்த முறை நின்றது. அவர்கள் காட்டை அழித்து, வரப்பு கட்டி, உப்புத்தண்ணீரைத் தடுத்த நிலத்தின்மேல்தான் இன்றைக்கு 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் வந்து இறங்குகிறது, தொழிற்சாலைகள் நிற்கின்றன. இதில் மறைக்க என்ன இருக்கிறது? மன்னன் வந்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அவன் பெயர் எங்கும் போகாது. வெட்டி வைக்க ஆள் இல்லாதவன் பெயர்தான் போய்விடும்.

இன்னொன்று, குப்பையைக் கேவலமாக நினைக்காதீர்கள். நம் பினாங்கிலேயே மிகப் பழைய மனித இருப்பைக் காட்டியது ஒரு குப்பைமேடுதான். குவார் கெப்பா பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#10 மூடாக்கரை

குவார் கெப்பா எங்கள் வட்டாரம், பெனாகா பக்கம். சின்ன வயதில் அங்கே சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். மண்ணைக் காலால் உதைத்தால் சிப்பி ஓடு வரும், கடல் இன்றைக்கு எவ்வளவோ தள்ளி இருக்கிறது என்றாலும். ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் சிப்பியைத் தின்று ஓட்டைக் கொட்டிக் கொட்டி அது மேடாகிவிட்டது. இறந்தவர்களையும் அதற்குள்ளேயே புதைத்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் அந்த மேடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பகுதி சுண்ணாம்புக்குப் போய்விட்டது. ஓட்டை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டார்கள், எலும்பும் அதோடு போனது. 1934-இல் ஒரு டச்சு ஆய்வாளர் தோண்டினார். அங்கே கிடைத்த 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தில் லைடனுக்குப் போய்விட்டன.

பிறகு 2017-இல் அங்கே ஒரு காட்சியகம் கட்ட நிலத்தைத் தயார் செய்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடன் இருந்ததால் ஏப்ரல் மாதம் முழு எலும்புக்கூடு ஒன்று அப்படியே கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். கட்டுமான வேலைக்காகத் தோண்டிய மண்ணில் கிடைத்தவர் அவர். பக்கத்தில் ஆய்வாளர் இல்லாமல் ஒப்பந்தக்காரர் மட்டும் இருந்திருந்தால், கட்டுமானன் அண்ணன் சொன்ன கிணறு மாதிரி மதியத்துக்குள் மூடியிருப்பார்கள். காழகன் ஐயாவுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்.

#11 கோப்புக்காரர்

மாவட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முறையாகத் தோண்ட வழி இருக்கிறதா என்று முதல் பதிவில் கேட்டிருந்தார்கள், சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், எண் 645. மண்ணுக்குள்ளிருந்து மரபுப் பொருள் என்று நம்பத்தக்க எதையாவது ஒருவர் கண்டெடுத்தால் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். இது பொதுமக்கள் எல்லாருக்கும் பொருந்தும், தளத்தில் வேலை செய்கிறவருக்கும் பொருந்தும். இரண்டாவது, அனுமதி இல்லாமல் நீங்களே அகழக் கூடாது. பிறைக்கரை தம்பி, ஆர்வத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நிலமும் தனியார் நிலம், அத்துமீறல் வழக்கு வேறு வரும்.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது, மரபுடைமைத் துறை கூட்டரசின் கையில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல இடங்கள் விழுந்து போகின்றன. அதனால் கடிதத்தை ஒரே இடத்துக்கு அனுப்பாதீர்கள். மாவட்ட அலுவலகம், மரபுடைமைத் துறை, செபராங் பிறை மாநகர் மன்றம், மூன்றுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் நகல் போயிருக்கிறது என்று எழுதுங்கள். முத்திரை குத்திய நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், வேறு இரண்டு மேசைக்கும் போயிருக்கிற கடிதத்தை யாரும் இழுப்பறையில் வைத்துவிட முடியாது.

உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது எழுத்துப்பூர்வமாக ஆட்சேபமோ கருத்தோ கொடுக்கலாம். நம் ஆட்கள் அதற்குப் போவதே இல்லை. அறிவிப்பு பத்திரிகையில் வரும், காலக்கெடு முடிந்துவிடும், பிறகு மண்வாரி வந்த நாளில் மறியல். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைப் பல தடவை பார்த்து வருந்தியவன்.

#12 கடாரத்துக்காரி

ஐயா சொன்னது மிகவும் பயனுள்ளது. வெளிநாட்டு முறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1990-லிருந்து, திட்ட அனுமதி கேட்கும் கட்டத்திலேயே மண்ணைச் சோதிக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. செலவு மேம்பாட்டாளருடையது. நிலம் முழுவதையும் தோண்ட மாட்டார்கள். நீளமான சில பள்ளங்களை மட்டும் வெட்டிப் பார்ப்பார்கள். இயந்திரம்தான் வெட்டும், ஆனால் அதன் வாளியில் பல் இருக்காது, தட்டையாக இருக்கும். பல் இருந்தால் மண்ணைக் கிழித்துவிடும், தட்டை வாளி வழித்தெடுக்கும், நிறம் மாறுகிற இடம் அப்படியே தெரியும். ஒன்றும் இல்லையென்றால் கட்டலாம். இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் கையால் தோண்டி எழுதிவைத்துவிட்டுக் கட்டலாம். அப்படித்தான் அங்கே எத்தனையோ பழைய சிற்றூர்கள் புது வீட்டு வரிசைகளுக்கு அடியிலிருந்து வெளிவந்தன, அதுவும் அரசர்களுடையவை இல்லை, உழவர்களுடையவை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், சிங்கப்பூரில் 2015-இல் எம்பிரஸ் பிளேஸில் வேலை தொடங்கும் முன் தோண்டினார்கள். சுமார் 3 டன் பொருள்கள் வந்தன. நகரத்தின் நடுவில், ஆற்றங்கரையில்.

#13 கட்டுமானன்

தட்டை வாளி எங்களிடமே இருக்கிறது. வாய்க்கால் ஓரம் வழிக்க வைத்திருப்போம். மாற்றுவதற்கு அரை மணி நேரம். இது இவ்வளவு எளிது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

#14 தீவுப்பிள்ளை

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. அண்ணே, உங்கள் தோட்டத்தில் இடுகாடு எங்கே இருந்தது? அந்தக் குச்சிகளுக்குள் வருகிறதா?

#15 பிறைக்கரையான்

வருகிறது என்றுதான் பயப்படுகிறேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. பெயர்ப்பலகை உள்ள சமாதி நான்கைந்துதான், மற்றதெல்லாம் வெறும் மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல் அல்லது ஒரு செடி. எங்கள் பெரியப்பாவின் தலைமாட்டில் செம்பருத்தி வைத்திருந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் எங்கள் தோட்டத்து ஆட்களும் உண்டு. திரும்பி வந்தவர்களில் சிலர் சீக்கிரமே இறந்துபோனார்களாம், அவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள் என்று அம்மா சொல்லுவார். யார் எங்கே என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

குப்பைக்குழியைப் பற்றி இவ்வளவு எழுதினேன், இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

#16 காழகன்

தம்பி, இரவு முழுக்க உங்கள் பதிவு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். என் தாத்தாவும் தோட்டத்தில்தான் இருந்தார். அவரை எங்கே புதைத்தார்கள் என்று நான் என் அப்பாவிடம் கேட்டதே இல்லை, இனிக் கேட்க அவரும் இல்லை. கடிதத்தை மலாயில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். முப்பது வருடம் மலாய் ஆசிரியராக இருந்தவன்.

#17 செம்பனைநிழல்

மாமியாரிடம் கேட்டேன். முதலில் 'அதெல்லாம் எதுக்கும்மா' என்றார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்து நள்ளிரவு வரை நிறுத்தவில்லை. பேரனின் பள்ளி நோட்டில் அவர் சொல்லச் சொல்ல வரைந்தோம். கிணறு இரண்டு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. ஒன்று குடிக்க, ஒன்று துணிக்கு. துணிக்கிணற்றுப் பக்கம் ஒரு கல்லில் எல்லாரும் ரப்பர் மரம் சீவும் உளியைத் தீட்டுவார்களாம், கல்லின் நடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும் என்றார். காலையில் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தேன். கல் இருக்கிறது. பள்ளமும் இருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கிறது அதில்.

#18 கோப்புக்காரர்

அம்மா, அந்தக் கல்லை நகர்த்த வேண்டாம். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கைபேசியில் இடக்குறிப்பும் பதிவாகட்டும். தேதி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

#19 பிறைக்கரையான்

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் போனோம். தோட்ட ஆபீஸில் சொல்லிவிட்டு, ரோட்டோரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். வேலையாட்களை மேய்த்த பழைய தண்டலின் மகனுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, அவரைக் காரில் கூட்டிப்போனோம். இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு 'எல்லாம் மாறிப்போச்சேப்பா' என்றார். பிறகு ரோட்டோரத்தில் ஒரு பழைய சிமெண்டு வாய்க்கால் விளிம்பைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி, இங்கிருந்து முதல் லயம், அதற்குப் பின்னால் இரண்டாவது, அதோ அந்த இரட்டைச் செம்பனை நிற்கும் இடத்தில் ரப்பர் பால் ஸ்டோர், அங்கிருந்து முப்பது தப்படியில் மூன்றாவது லயம் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் வரைந்துகொண்டோம். இடுகாட்டு மேட்டையும் காட்டினார். குச்சி வரிசை அந்த மேட்டின் கால்வாசியைத் தொடுகிறது.

வாய்க்கால் ஓரத்தில் மழை அரித்த மண்ணில் ஒரு மங்கின் விளிம்பு வெளியே தெரிந்தது. சுட்ட மண், உள்பக்கம் பழுப்பு மெருகு. அந்தப் பெரியவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் மங்கு துடைத்த கை அது. எடுக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம்.

காழகன் ஐயா எழுதிய கடிதம் தயார். நகல்கள், வரைபடம், படங்கள் எல்லாம் சேர்த்து மூன்று உறை. முதல் கோரிக்கை இடுகாட்டை அளந்து வேலியிட வேண்டும் என்பது. இரண்டாவது, லயம் இருந்த பகுதியில் வேலை தொடங்கும் முன் சோதனைப் பள்ளம் வெட்ட வேண்டும் என்பது. கட்டுமானன் சொன்னபடி தட்டை வாளியையும் குறிப்பிட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மாவட்ட அலுவலகத்தில் இருப்பேன். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள், பெற்றோர் அங்கே புதைக்கப்பட்டவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்துப் போடுங்கள். இப்போது பதினொரு கையெழுத்து இருக்கிறது.